கூட்டி வகுத்தால் நியாயம் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு கல்வி உதவிநிதி பற்றிய கடிதங்களும் உங்கள் பக்கத்தில் வரத் தொடங்கிவிடும். யாருக்குக் கொடுத்தார்கள், யாரை விட்டார்கள், செயலவையில் யாருடைய உறவினர் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அவற்றில் பேச்சு. கொடுத்த புள்ளிகளை எந்த விதியைக் கொண்டு ஒன்றுசேர்த்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. தவறுகளில் பெரும்பங்கு பிறப்பது அங்கேதான். அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை.

நம் தோட்டப்புற ஊர்களில் ஆலய நிர்வாகம் கொடுத்தாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொடுத்தாலும் புள்ளித் தாள் ஒரே அச்சுதான். தேர்ச்சிக்கு இத்தனை, வறுமைக்கு இத்தனை, புறப்பாட நடவடிக்கைக்கு இத்தனை. கூட்டு, வகு, மேலிருந்து ஐந்து பெயரை எடு. கூட்டி வகுப்பது யார் பக்கமும் சாயாத காரியம் என்று நினைக்கிறோம். உண்மையில், ஒன்றில் குறைந்ததை மற்றொன்றால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று விண்ணப்பப் பாரத்தைப் பிரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

நாட்டில் எல்லாரும் பார்க்கும் இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம். புகைமூட்டக் காலத்தில் கைப்பேசியில் பார்க்கிறோமே, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அது ஒன்று. ஆறு மாசுகளுக்குத் தனித்தனியே துணைக் குறியீடு கணித்து, அவற்றில் எது பெரியதோ அதையே அறிவிக்கிறார்கள். பி.எம். 2.5 நுண்துகள் 160, மற்ற ஐந்தும் 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு 160, அதாவது சுகாதாரத்துக்குக் கேடு. கூட்டி ஆறால் வகுத்திருந்தால் 58 வந்திருக்கும், மிதமான நிலை என்று சொல்லிப் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பியிருப்போம். நுரையீரல் சராசரியைச் சுவாசிப்பதில்லை என்பது அந்த விதியை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று ஆற்று நீர்த் தரக் குறியீடு. சுற்றுச்சூழல் துறை இதற்கு எடையிட்ட சராசரியைப் பயன்படுத்துகிறது. காற்றுக்கு மாறாக இங்கே எண் கூடினால் நல்லது. கரைந்த ஆக்சிஜனுக்கு 0.22, உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 0.19, வேதி ஆக்சிஜன் தேவைக்கு 0.16, மிதக்கும் திடப்பொருளுக்கு 0.16, அம்மோனியா நைட்ரஜனுக்கு 0.15, பி.எச். அளவுக்கு 0.12. எடைகளைக் கூட்டினால் 1. துணைக் குறியீடுகள் வரிசையாக 95, 90, 90, 90 என்றும், பி.எச்.சுக்கு 98 என்றும் இருக்கட்டும். அம்மோனியா நைட்ரஜன் மட்டும் லிட்டருக்கு 3 மில்லிகிராம். அந்த அளவுக்குத் துணைக் குறியீடு ஏறத்தாழ 12. கணக்குப் போட்டால் மொத்தம் 80.4, ஆறு இரண்டாம் வகுப்பு. ஆனால் குடிநீருக்காக எடுக்கும் பதப்படுத்தாத நீரில் சுகாதார அமைச்சு வைத்திருக்கும் அம்மோனியா வரம்பு 1.5. அதைப்போல இரண்டு மடங்கு ஓடும் ஆறு தாளில் நல்ல ஆறாகத் தெரிகிறது. அம்மோனியா ஏறினால் குளோரின் அதனுடன் சேர்ந்து தீர்ந்துபோகும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்த்து முடிக்க நடைமுறையில் 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் அடைக்கப்பட்டு நாம் வாளியோடு லாரிக்குக் காத்திருப்பது இதனால்தான். இன்னும் மோசமான கணக்கு ஒன்று உண்டு: மற்ற ஐந்தும் நூறை ஒட்டியிருந்தால், அம்மோனியாவின் துணைக் குறியீடு பூஜ்யமே ஆனாலும் மொத்தம் 85 வரும். 81க்கு மேல் போனால் ‘தூய்மை’.

அதே எண்களை அதே எடைகளோடு கூட்டாமல் பெருக்கல் சராசரியில் (எண்களைப் பெருக்கி மூலம் எடுப்பது) சேர்த்தால் 68 வரும், ஆறு மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடும். ஆறு எண்களில் சிறியதை மட்டும் பார்த்தால் 12. ஆய்வுக்கு எடுத்த புட்டி ஒன்றுதான், ஆய்வகமும் ஒன்றுதான், விடை மட்டும் மூன்று. ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டுக் குறியீடும் 2010இல் கூட்டல் சராசரியை விட்டுப் பெருக்கல் சராசரிக்கு மாறியது இந்த ஈடுகட்டலைக் குறைக்கத்தான்.

இந்தச் சேர்க்கும் விதிகளுக்குத் தொகுப்புச் சார்பு என்று பெயர். இத்துறையின் ஒரு வேர் 1965இல் லட்ஃபி ஜாடே எழுதிய ஃபஸ்ஸி கணங்கள் பற்றிய கட்டுரையில் இருக்கிறது. உள்ளே, வெளியே என்று இரண்டே பெட்டி வைக்காமல், எந்த அளவுக்கு உள்ளே என்று 0 முதல் 1 வரை எண் கொடுப்பது அவர் வழி. செம்பனைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆலைத் தர ஆய்வில் பத்துப் பழமாவது உதிர்ந்த குழி இருந்தால் குலை பழுத்தது. ஒன்பது என்றால் அரைப்பழம். எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள அதே வித்தியாசம்தான் ஒன்பதுக்கும் பத்துக்கும், ஆனால் பத்தில் மட்டும் பெயரே மாறிப்போகிறது. ஃபஸ்ஸி முறையில் ஒன்பது குழி உள்ள குலை 0.9 அளவுக்குப் பழுத்தது, அவ்வளவுதான்.

வருமானத்துக்கும் இப்படித்தான் செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான ஆய்வில் பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டுக் குடும்பங்கள்) எல்லை மாதம் 4,850 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது. 4,840 வாங்கும் வீட்டுக்கு முழுப் புள்ளியும் 4,860 வாங்கும் வீட்டுக்குப் பூஜ்யமும் கொடுத்தால், மிகைநேரம் ஒரு நாள் செய்த தகப்பனைத் தண்டிப்பதாகும். தலைக்கு மாத வருமானம் 300 வெள்ளியோ அதற்குக் கீழோ என்றால் 1, 1,000 வெள்ளியோ அதற்கு மேலோ என்றால் 0, நடுவில் நேர்கோடு என்று வையுங்கள். 650 வெள்ளிக்கு 0.5 வரும். 300, 1,000 என்பவை எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊருக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாரம் பிரிக்கும் முன்பே வைத்துவிட வேண்டும். வந்த பாரங்களிலேயே மிகக் குறைந்த வருமானத்தை 1 என்றும் மிகக் கூடியதை 0 என்றும் வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கடைசி நாளில் ஒரே ஒரு பாரம் கூடுதலாக வந்து சேர்ந்தால் போதும், அதற்கு முன் வந்த இருவரின் வரிசை தலைகீழாகிவிடக்கூடும். தனக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளால் ஒரு பிள்ளை தோற்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது மூன்று பாரங்களைப் பார்ப்போம். முதல் பிள்ளைக்குத் தேர்ச்சி 0.9, தேவை 0.2. இரண்டாவதற்குத் தேர்ச்சி 0.5, தேவை 0.6. மூன்றாவதற்குத் தேர்ச்சி 0.1, தேவை 1. சராசரி மூவருக்கும் 0.55. செயலவை இங்கேதான் திணறும், பிறகு ‘அந்தக் குடும்பத்தைத் தெரியும்’ என்ற பேச்சு வரும். சிறுமத்தை, அதாவது இரண்டில் சிறியதை, எடுத்தால் 0.2, 0.5, 0.1. பெருமத்தை, அதாவது பெரியதை, எடுத்தால் 0.9, 0.6, 1. பெருக்கினால் 0.18, 0.30, 0.10. கெட்டிக்காரப் பிள்ளையாகவும் இருக்க வேண்டும், தேவையும் இருக்க வேண்டும் என்பதுதான் நிதியின் நோக்கம் என்றால் சிறுமமோ பெருக்கலோ சரி, இரண்டாவது பிள்ளை முன்னே வரும். ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றால் பெருமம். 1970இல் பெல்மனும் ஜாடேயும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், குறிக்கோள்களையும் கட்டுப்பாடுகளையும் சிறுமத்தால் சேர்ப்பதுதான் தீர்மானம் என்று வைத்தார்கள். ‘உம்’ என்ற சொல்லுக்குக் கணக்கு அது.

‘உம்’முக்கு வேறு கணக்குகளும் உண்டு, எல்லாம் உதவாது. இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழிப்பது, எதிர்மறையாக வந்தால் பூஜ்யம் என்பது லுகாசியேவிச் முறை. மேலே உள்ள மூவருக்கும் அதைப் போட்டால் மூவருக்கும் 0.1. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பதால் சராசரி மாட்டிக்கொண்ட அதே இடத்தில் அதுவும் மாட்டிக்கொள்ளும். பெருக்கலுக்கு வேறு சிக்கல்: அளவுகோல் கூடக் கூட எண் சுருங்கும். ஐந்திலும் 0.8 வாங்கிய பிள்ளைக்குப் பெருக்கினால் 0.33தான். 0.5க்குக் கீழ் தள்ளுபடி என்ற பழைய விதியை அப்படியே வைத்திருந்தால் நல்ல பிள்ளைகள் எல்லாம் வெளியே. பெருக்கல் சராசரி எடுத்தால் 0.8 என்று திரும்பிவிடும். சிறுமமோ வேறு விதத்தில் குருடு. 0.3, 0.9, 0.9 வாங்கியவரும் 0.3, 0.3, 0.3 வாங்கியவரும் அதற்கு ஒன்றே.

இரண்டுக்கும் நடுவில் நிற்க ரொனால்ட் யாகர் 1988இல் ஒரு வழி சொன்னார். வரிசைப்படுத்திய எடைச் சராசரி, சுருக்கமாக ஓ.டபிள்யூ.ஏ. புள்ளிகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, எடையை அளவுகோலுக்குக் கொடுக்காமல் அந்த இடத்துக்குக் கொடுப்பது. தேவாரப் போட்டியில் ஐந்து நடுவர்களில் மிகக் கூடிய புள்ளியையும் மிகக் குறைந்த புள்ளியையும் தள்ளிவிட்டு மீதி மூன்றின் சராசரியை எடுக்கிறோமே, அது இதில் ஒரு வகை. எடைகள் 0, மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று, 0. (மூன்றே நடுவர்களை வைத்துக்கொண்டு இப்படித் தள்ளும் போட்டிகளும் நடக்கின்றன. மிஞ்சுவது ஒருவர் புள்ளிதான், மற்ற இருவருக்கு எதற்குப் பொன்னாடை?) உதவிநிதியில் நான்கு அளவுகோல், ‘பெரும்பாலானவற்றில் நன்றாக இருக்க வேண்டும்’ என்பது விதி என்றால் எடைகள் 1/16, 3/16, 5/16, 7/16 என்று வைக்கலாம். 0.9, 0.7, 0.6, 0.4 வாங்கியவருக்கு 0.55 வரும். சாதாரண சராசரி 0.65, சிறுமம் 0.4. பலவீனமான இடத்துக்கு எடை கூடுதலாக இருப்பதால் விடை கீழ்ப்பக்கம் சாய்கிறது, ஆனால் சிறுமம் அளவுக்கு அடித்துப் போடவில்லை. அடிக்கடி நடக்கும் தவறு, 7/16 என்பதை ‘வறுமைக்கான எடை’ என்று தாளில் எழுதிவிடுவது. அந்த எடை அந்தப் பிள்ளைக்கு எதில் புள்ளி குறைவோ அதற்குப் போகும், ஆளுக்கு ஆள் அது மாறும். கணினி அட்டவணையில் அடுக்கும் படியை விட்டுவிட்டால் பழைய எடைச் சராசரிதான் வரும், யாருக்கும் தெரியவும் தெரியாது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றையே மூன்று முறை எண்ணுவது. பாரத்தில் குடும்ப வருமானம் ஒரு வரி, வீட்டில் எத்தனை பேர் என்பது ஒரு வரி, இ-காசே (அரசின் வறிய குடும்பப் பதிவேடு) பதிவு உண்டா என்பது ஒரு வரி. மூன்றும் பெரும்பாலும் ஒரே வறுமையைத்தான் சொல்கின்றன. தேர்ச்சிக்கு ஒரு வரிதான். எல்லா வரிக்கும் சம எடை என்று சொல்லிவிட்டு வறுமைக்கு முக்கால் பங்கு கொடுத்துவிடுகிறோம். கொடுக்க நினைத்தால் கொடுக்கலாம், தெரியாமல் கொடுப்பதுதான் தப்பு. இதற்கு மருந்து ஷோகே தொகையீடு. குஸ்தாவ் ஷோகே 1950களில் வேறு கணிதத்துக்காக அமைத்தது. 1974இல் சுகேனோ ஃபஸ்ஸி தொகையீடுகள் பற்றி எழுதிய பின் இந்தத் துறையில் வேர்விட்டது. எடையைத் தனித்தனி அளவுகோலுக்கு மட்டும் கொடுக்காமல் கூட்டுகளுக்கும் கொடுப்பது இதன் சாரம்.

கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் கையாலேயே போடலாம். தேர்ச்சி தனியே 0.5. வருமானம் தனியே 0.4, ஆள் எண்ணிக்கை தனியே 0.4. வருமானமும் ஆள் எண்ணிக்கையும் சேர்ந்தால் 0.8 இல்லை, 0.5 மட்டுமே, ஏனென்றால் இரண்டும் ஒரே கதை. தேர்ச்சியோடு அவற்றில் எது சேர்ந்தாலும் 0.9. மூன்றும் சேர்ந்தால் 1. ஒரு பிள்ளைக்குத் தேர்ச்சி 0.3, மற்ற இரண்டும் 0.9. சராசரி 0.70. இன்னொரு பிள்ளைக்குத் தேர்ச்சி 0.7, வருமானம் 0.7, ஆள் எண்ணிக்கை 0.6. சராசரி 0.67. சராசரியில் முதல் பிள்ளை முன்னே. ஷோகேயில் கீழிருந்து படி ஏற வேண்டும். முதல் பிள்ளைக்கு மூன்றும் 0.3 வரை இருக்கின்றன, அதற்கு 0.3 பெருக்கல் 1. அங்கிருந்து 0.9 வரையுள்ள 0.6 உயரத்தில் வருமானமும் ஆள் எண்ணிக்கையும் மட்டும் நிற்கின்றன, அதற்கு 0.6 பெருக்கல் 0.5. மொத்தம் 0.60. இரண்டாம் பிள்ளைக்கு 0.6 பெருக்கல் 1, மேலே 0.1 உயரத்தில் தேர்ச்சியும் வருமானமும் நிற்பதால் 0.1 பெருக்கல் 0.9. மொத்தம் 0.69. வரிசை மாறிவிட்டது. மூன்று அளவுகோலுக்கு ஆறு எண்கள் முடிவு செய்தால் போதும். ஐந்துக்கு 30, பத்துக்கு 1,022. பத்து அளவுகோல் வைத்துக்கொண்டு ஷோகே போடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம்.

சம்பளச் சீட்டு இணைக்காத பாரம் வந்தால்? பலர் அந்தக் கட்டத்தில் 0 எழுதுகிறார்கள். சராசரியில் அது பிள்ளையைக் கீழே இழுக்கும், சிறுமத்திலும் பெருக்கலிலும் அடியோடு சாய்த்துவிடும். தெரியவில்லை என்பதற்கும் தேவையில்லை என்பதற்கும் ஒரே எண்ணை எழுதக் கூடாது. கட்டத்தைக் காலியாக விட்டு, ஒரு வாரம் கொடுத்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். குத்தகை ஆளிடம் நாள் கூலிக்கு அறுவடை செய்பவருக்குச் சீட்டே இருக்காது. அங்கே கிராணியோ (தோட்ட எழுத்தர்) தலைவரோ எழுதித் தரும் கடிதம் போதும் என்று முன்பே விதியில் சேர்த்துவிடலாம்.

அதிகமானோர் கொடுத்த புள்ளியையே எடுத்துக்கொள்வோம் என்று சொல்பவர்களும் உண்டு. ஐந்து நடுவர்கள் 2, 3, 5, 8, 8 கொடுத்தால் விடை 8. முதல் இருவர் மனம் மாறி 2ஐயும் 3ஐயும் 5 ஆக உயர்த்தினால் விடை 5. புள்ளி ஏறியது, பிள்ளை இறங்கியது. எந்தப் புள்ளியும் ஏறும்போது முடிவு இறங்கக் கூடாது என்பது தொகுப்புச் சார்புக்கான முதல் நிபந்தனை. எல்லாம் 0 என்றால் 0, எல்லாம் 1 என்றால் 1 என்பது மற்றொன்று. இந்த இரண்டில் தவறும் விதி எதுவானாலும் கிழித்துப் போடலாம்.

புள்ளித் தாளுக்கு வெளியே, செய்திகளைச் சேர்ப்பதிலும் இதே கேள்விதான். மழைக்காலத்தில் ஆறு ஏறுகிறது என்று இரண்டு பேர் சொல்கிறார்கள், ஒவ்வொருவரையும் 0.8 அளவுக்கு நம்பலாம். சராசரி 0.8லேயே நிற்கும். ஆனால் தனித்தனியே பார்த்த இருவர் ஒன்றையே சொன்னால் நம்பிக்கை கூட வேண்டாமா? 0.5ஐ நடுவாக வைத்து, அதற்கு மேலுள்ளவை ஒன்றையொன்று உயர்த்தவும் கீழுள்ளவை ஒன்றையொன்று தாழ்த்தவும் செய்யும் சார்புகள் உண்டு. 1996இல் யாகரும் ரிபலோவும் அவற்றுக்கு யூனிநார்ம் என்று பெயரிட்டார்கள். அவற்றில் ஒன்றில் 0.8உம் 0.8உம் சேர்ந்து 0.94 ஆகும், 0.2உம் 0.2உம் 0.06 ஆகும், 0.8உம் 0.2உம் 0.5க்கே வந்துவிடும். ஒருவர் 1 என்றும் மற்றவர் 0 என்றும் அடித்துச் சொன்னால் கணக்கு உடைந்துபோகும், அப்போது நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இருவரும் ஒரே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த ஒரே செய்தியைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள் என்றால் இந்தச் சார்பைத் தொடவே கூடாது. ஒரு வதந்தி 0.94 ஆகிவிடும்.

எந்த விதியைத் தேர்வது என்று செயலவைகள் கேட்டால், சூத்திரத்தில் தொடங்க வேண்டாம். பெயரில்லாத ஆறு கற்பனைப் பாரங்களைத் தயார் செய்யுங்கள். தேர்ச்சி 1, தேவை 0 ஒன்று. அதற்கு நேர்மாறாக ஒன்று. இரண்டும் 0.5 ஒன்று. 0.9, 0.3 ஒன்று, 0.6, 0.6 ஒன்று, 0.3, 0.9 ஒன்று. உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் ஆறையும் வரிசைப்படுத்தட்டும். பிறகு வரிசைகளை மேசையில் வைத்துச் சண்டை போடுங்கள், அந்தச் சண்டை தேவையானது. ஒத்துக்கொண்ட வரிசையை எந்தச் சார்பு அப்படியே திருப்பித் தருகிறதோ அதுதான் உங்கள் விதி. பெரும்பாலான செயலவைகளுக்குப் பெருக்கல் சராசரியே போதுமானதாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஷோகே வரை போக வேண்டியது வறுமையைப் பல வரிகளில் கேட்கும் பாரங்களுக்குத்தான்.

அம்மோனியா விஷயத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆற்றுக் குறியீட்டை வெளியிடும்போது, அதோடு மிகக் குறைந்த துணைக் குறியீடு எது, எவ்வளவு என்பதையும் ஒரு வரியில் சேர்த்துப் போட வேண்டும். 80.4, மிகக் குறைந்தது அம்மோனியா 12. புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை, அந்த எண் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. தங்கள் நாளிதழ் ஆற்று நிலவரம் பற்றிய செய்திகளில் அதைக் கேட்டு வாங்கிப் போட்டால் எங்களைப் போல ஆற்றங்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

உதவிநிதிச் செயலவைகளும் பாரம் கொடுக்கும் நாளிலேயே ஆலய அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டிவிடலாம்: வருமானக் கோட்டின் இரு முனைகள், சேர்க்கும் விதி, சீட்டு இல்லாதவருக்கு என்ன செய்வது, புள்ளி சமமானால் என்ன செய்வது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

இப்படிக்கு,
வாசகர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.